மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி

மேலூர் பக்கத்து வாசகி ஒருவர் கையால் நான்கு பக்கம் எழுதி அனுப்பிய கடிதம் இது. அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு வயது 35. மதுரையில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கில டீச்சர். கல்யாணமாகிப் பதினோரு வருடம், இரண்டு பிள்ளைகள். கணவர் சொந்தமாக ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். குடி கிடையாது, 'பொறுப்பானவர்' என்று கடிதத்தில் மூன்று இடத்தில் வருகிறது.

உடன் வேலை பார்க்கும் டீச்சர் வாட்ஸப்பில் அனுப்பிய 'ஃபிப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' நாவலை, காலை பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தினமும் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்திருக்கிறார். யானைமலை கண்ணில் பட்டதும் மூடிவிடுவாராம். ஒத்தக்கடையில் கூட்டம் ஏறிவிடும். படுக்கையறைக் காட்சிகள் அவரை உலுக்கிவிட்டன. 'அருவருப்பு வரவேண்டிய இடத்தில் எனக்கு வேறு என்னவோ வந்தது' என்கிறார். கடைசி அத்தியாயத்துக்கு வருவதற்குள் கணவர் கைபேசியைப் பார்த்துவிட்டார். 'எவன் குடுத்தான்?' என்பதுதான் முதல் கேள்வி. டீச்சர் பெயரைச் சொல்லியும் நம்பவில்லை. இந்த மாதிரிப் புத்தகம் வைத்திருந்தாலே போலீஸ் பிடிக்கும், இதை வைத்தே விவாகரத்து வாங்கிவிடுவேன் என்றிருக்கிறார். அன்றிலிருந்து ராத்திரியானால் கைபேசிச் சோதனை. மனைவி எங்கே இருக்கிறார் என்று காட்டும் செயலி ஒன்றும் அதில் ஏறிவிட்டது.

வாசகி கேட்பது இவற்றை: எனக்கு மனநோயா? புத்தகம் வைத்திருந்தது குற்றமா? அந்தக் கதாநாயகனும் இப்படித்தானே கதாநாயகியைக் கண்காணிக்கிறான், அதை ரசித்துப் படித்த எனக்கு, என் வீட்டுக்காரர் செய்யும்போது ஏன் மூச்சு முட்டுகிறது? கடிதத்தின் அடியில் நுணுக்கி எழுதிய இன்னொன்றும் இருக்கிறது: கடைசியில் அவள் அவனைத் திருத்திவிடுவாளா?

சகோதரி, உங்கள் கடிதத்தை முதல் தரம் படித்தபோது நான் ஒன்றைத் தவறவிட்டேன். இரண்டாம் தரம் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. மூன்றாம் பக்கத்தில், மகளின் ஸ்கூல் ஃபீஸுக்கும் மகனின் காய்ச்சலுக்கும் நடுவில், இரண்டே வரி. 'ஒரு நாள் ராத்திரி, நீ படிச்ச மாதிரிதானே என்று துப்பட்டாவால் கையைக் கட்டினார். வேணாம், வலிக்குது என்றேன். சிரித்தார், விடவில்லை.' அடுத்த வரியில் மகனுக்கு 101 டிகிரி. உங்கள் மற்றக் கேள்விகளை எழுதியபோது பேனாவை அழுத்தி எழுதியிருக்கிறீர்கள், எழுத்து தாளின் பின்பக்கம் தெரிகிறது. இந்த இரண்டு வரி மட்டும் மயிலிறகு தடவின மாதிரி இருக்கிறது.

அதற்கு வருகிறேன். ஆனால் 'படித்து ரசித்தவள்தானே, எனக்கு இது வேண்டியதுதான்' என்ற எண்ணம் உள்ளே உட்கார்ந்திருக்கும்வரை நான் எதைச் சொன்னாலும் உங்கள் காதில் ஏறாது. முதலில் அதை எழுப்பி வெளியே அனுப்புவோம்.

உடம்பு கூசியதும் கிளர்ந்ததும்

ஒரு வர்ணனையைப் படித்து உடம்பு கிளர்ந்தால், உடம்பு வேலை செய்கிறது என்று அர்த்தம், அவ்வளவுதான். புளியங்காயை நினைத்தால் நாக்கில் எச்சில் ஊறுகிறதே, அதற்கு நாம் வெட்கப்படுவதில்லை. பதினோரு வருடம், இரண்டு பிரசவம், நாலரை மணிக்கு எழுந்து சமையல், மேலூர் பஸ், நாற்பது நோட்டுத் திருத்தம் என்று ஓடும் பெண்ணுக்கு ஆசை தானாக வந்து கதவைத் தட்டாது. ஒரு சொல், ஒரு தொடுகை, ஒரு கதை வந்து கூப்பிட்ட பிறகுதான் பலருக்கு அது எழுந்து வருகிறது. கடந்த இருபத்தைந்து வருடமாகப் பாலியல் மருத்துவம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லி வருகிறது. செத்துப்போய்விட்டது என்று நீங்கள் நினைத்தது பஸ் ஜன்னலோரத்தில் கண் விழித்திருக்கிறது. எனக்கு அது நல்ல சேதியாகத்தான் படுகிறது.

'கையைக் கட்டிப்போடுவது மாதிரியான காட்சி பிடித்ததே, அது வக்கிரம்தானே' என்கிறீர்கள். அந்த மாதிரிக் கற்பனை ஆணுக்கும் பெண்ணுக்கும் பரவலாக இருக்கிறது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. இரண்டு பெரியவர்கள் மனமொத்துச் செய்யும் இத்தகைய விளையாட்டு அதில் நோயாக இல்லை. கற்பனைக்கு இன்னொரு குணமும் உண்டு. அதில் உங்களைக் கட்டுவதும் நீங்கள்தான், அவிழ்ப்பதும் நீங்கள்தான். யானைமலை தெரிந்ததும் மூடினீர்களே, அந்தச் சுவிட்சு உங்கள் விரலில் இருந்தது. படித்தது பிடித்திருந்தது என்பதால் நடந்ததையும் நீங்கள் கேட்டு வாங்கினீர்கள் என்று ஆகாது.

போகிறபோக்கில் ஒரு தகவல். 'எவனோ கெட்ட புத்தி பிடித்த ஆம்பளை எழுதியது' என்கிறீர்கள். எழுதியது ஒரு பெண்மணி. லண்டனைச் சேர்ந்தவர், இரண்டு பிள்ளைகளின் தாய், டிவி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். வேறொரு பிரபலமான ரத்தக்காட்டேரிக் காதல் கதையின் மீதிருந்த மோகத்தில், அதன் பாத்திரங்களை வைத்து இணையத்தில் தொடராக எழுத ஆரம்பித்தது, 2011-ல் நாவலாக வந்தது. மூன்று பாகமும் சேர்ந்து பத்துக் கோடிப் பிரதிக்கு மேல் விற்றிருக்கிறது. அத்தனையையும் மனநோயாளிகள் வாங்கியிருக்க முடியாது. எனக்கு அந்த நாவல் பிடிக்கவில்லை, நடை படு சுமார். ஆனால் 1980-களில் வாடகை நூலகத்திலிருந்து மாத நாவல் எடுத்துவந்து புவியியல் புத்தகத்துக்குள் வைத்துப் படித்தவள் நான். உங்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

போலீஸும் விவாகரத்தும்

நான் வக்கீல் இல்லை. குடும்ப வழக்கு நடத்தும் தோழியிடம் கேட்டுச் சரிபார்த்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். ஆபாசப் புத்தகம் பற்றிய சட்டம் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294-வது பிரிவு, பழைய தண்டனைச் சட்டத்தில் 292. அது விற்பவரை, பரப்புபவரை, விற்கவென்று வைத்திருப்பவரைப் பிடிக்கிறது. தனக்காக வாங்கித் தனியாகப் படிப்பவரை அது தொடுவதில்லை. போதாததற்கு இந்த நாவல் இந்தியப் புத்தகக் கடைகளில் வெளிப்படையாகவே விற்றது. 2015-ல் வந்த சினிமாவுக்குத்தான் தணிக்கை வாரியம் சான்றிதழ் கொடுக்கவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. படிப்பது வேறு, அனுப்புவது வேறு. ஆபாசமானது என்று சொல்லத்தக்க ஒன்றை மின்னணு வழியில் அனுப்பினால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 67-வது பிரிவு குறுக்கே வரலாம். திருட்டு நகல் என்பது தனிச் சிக்கல். டீச்சர்கள் குரூப்பில் இதெல்லாம் சுற்ற வேண்டாம். பெற்றோரும் மாணவர்களும் இருக்கும் குரூப்புக்குக் கை தவறிப் போனால் வேலைக்கே உலை.

விவாகரத்து மிரட்டலுக்கான பதில், நீங்கள் தினமும் பஸ்ஸில் கடந்துபோகும் கட்டடத்திலேயே இருக்கிறது. ஒத்தக்கடை தாண்டி வருகிற உயர் நீதிமன்றக் கிளையைச் சொல்கிறேன். 2025 மார்ச்சில் அங்கே ஒரு தீர்ப்பு வந்தது. மனைவி தனியாக இருக்கும்போது ஆபாசப் படம் பார்க்கிறார், சுய இன்பம் காண்கிறார் என்று சொல்லி ஒரு கணவர் விவாகரத்து கேட்டிருந்தார். தனிமையில் செய்யும் இந்தக் காரியங்கள் கணவருக்கு இழைத்த கொடுமை ஆகாது என்று இரண்டு நீதிபதிகள் அமர்வு அவர் கோரிக்கையைத் தள்ளிவிட்டது. கல்யாணமாகிவிட்டதால் ஒரு பெண்ணின் அந்தரங்கம் கரைந்துபோய்விடாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். படத்துக்கே அப்படியென்றால், பஸ்ஸில் படித்த நாவலை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

மூச்சு முட்டும் இடம்

நீங்கள் கேட்டவற்றிலேயே கூர்மையான கேள்வி இது. கதாநாயகன் கண்காணித்தால் இனிக்கிறது, கணவர் கண்காணித்தால் ஏன் குமட்டுகிறது?

அந்த நாவலில் நீங்கள் வெட்கப்பட்ட பக்கங்கள் ஒரு ரகம். நான் கவலைப்பட்ட பக்கங்கள் வேறு ரகம், அங்கே யாரும் துணியைக்கூடக் கழற்றுவதில்லை. அவன் அவளுடைய கைபேசி இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்துத் தோழிகளோடு இருக்கும் இடத்துக்கே வந்து நிற்கிறான். அவள் அம்மா வீட்டுக்குப் போனால் அழைக்காமலேயே அந்த ஊருக்கு வந்து இறங்குகிறான். அவளுடைய பழைய காரை விற்றுவிட்டு வேறு காரை நிறுத்துகிறான். அடுத்த பாகத்தில் அவள் வேலை பார்க்கும் கம்பெனியையே வாங்குகிறான். அவளுக்கு 21 வயது, அவனுக்கு 27, கோடீஸ்வரன். பணத்தையும் அழகையும் கழித்துவிட்டுப் பாருங்கள். இதே ஆள் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் லுங்கி கட்டிக்கொண்டு நின்றிருந்தால் நீங்களே செருப்பைக் கழற்றியிருப்பீர்கள்.

'நான் எப்போதும் கண்ணியமான குடும்ப நாவல்கள்தான் படிப்பேன், இதுதான் முதல் தரம்' என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கண்ணியமான நாவல்களையும் நான் படிப்பவள். இப்போது இணையத்தில் 'ஆண்டி ஹீரோ' கதை என்று சக்கைப்போடு போடுகிறதே, அதில் முத்தம்கூட இருக்காது. ஆனால் தூக்கிக்கொண்டு போய்த் தாலி கட்டுவான், அறைவான், வீட்டில் பூட்டி வைப்பான். பதினைந்தாவது அத்தியாயத்தில் சின்ன வயதில் அவனுக்கு நடந்த கொடுமை தெரியவரும். அவள் அழுவாள், நாமும் அழுவோம். லண்டன் நாவலிலும் இதே சமையல்தான், மசாலாதான் வேறு. பூட்டி வைப்பதும் பின்தொடர்வதும் அன்பின் அடையாளம் என்று படித்துப் படித்து நமக்குப் பழகிவிட்டது. உங்கள் உடம்புக்குப் பழகவில்லை, அதனால்தான் மூச்சு முட்டுகிறது. அது சரியாகத்தான் சொல்கிறது.

கணவர் மனைவியின் கைபேசியைப் பார்க்கலாமா என்றால், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017-லேயே சொல்லிவிட்டது. மனைவிக்குத் தெரியாமல் கணவர் எடுத்த அழைப்பு விவரங்களைச் சாட்சியாக ஏற்க முடியாது என்று 2024-ல் மதுரைக் கிளை சொன்னது. இதைப் பாதி மட்டும் சொல்லி உங்களை ஏமாற்றக் கூடாது: தம்பதிக்குள் ரகசியமாகப் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சைக் குடும்ப வழக்கில் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம் என்று 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் சொல்லியிருக்கிறது. கோர்ட்டில் எது சாட்சியாகும் என்பது வக்கீல்கள் பேசவேண்டிய சங்கதி. ராத்திரி ராத்திரி மனைவியை நிற்கவைத்துச் சோதனை போடும் உரிமையை எந்தத் தீர்ப்பும் எந்தப் புருஷனுக்கும் கொடுத்துவிடவில்லை.

அந்த இரண்டு வரி

இப்போது மூன்றாம் பக்கம். 'வேணாம்' என்றீர்கள், அவர் விடவில்லை. கடிதத்தில் எனக்கு உறுத்துவது இது ஒன்றுதான்.

நீங்கள் படித்த நாவலிலேயே அந்த விளையாட்டுக்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது. எது ஆகும், எது ஆகவே ஆகாது என்று முன்கூட்டிப் பேசுகிறார்கள். அவன் நீட்டும் ஒப்பந்தத்தில் அவள் கடைசிவரை கையெழுத்துப் போடுவதில்லை. சொன்னதும் நிறுத்தவேண்டிய சொல் ஒன்று இருக்கிறது. அந்த வழக்கம் உள்ளவர்களே, சம்மதத்தையும் ஆதிக்கத்தையும் போட்டுக் குழப்புகிறது என்று இந்த நாவலை விமர்சித்தார்கள். அவ்வளவு குழப்பம் உள்ள கதையில்கூட நிறுத்தச் சொல்ல ஒரு சொல் இருந்தது. உங்களிடம் யாரும் கேட்கவில்லை, சொன்னதையும் கேட்கவில்லை. அவர் செய்தது புத்தகத்தில் இருப்பது இல்லை. புத்தகம் அவருக்கு ஒரு சாக்கு.

அவரை அரக்கன் என்று நான் எழுதவில்லை. மனைவி இப்படிப் படிக்கிறாள் என்றதும், 'அப்போ நான் போதவில்லையா' என்று அவருக்குப் பட்டிருக்கும். அந்த அடியை மறைக்கத்தான் 'எவன் குடுத்தான்' என்ற கேள்வி. ஆண்களுக்கும் இதைச் சொல்லித்தர இங்கே யாருமில்லை; கைபேசியில் பார்க்கிற படத்தில் 'வேணாம்' என்ற சொல்லுக்கு மரியாதை கிடையாது. இதெல்லாம் ஏன் நடந்தது என்பதை விளக்கும். நடந்தது சரி என்று ஆக்காது.

சட்டம் பற்றி ஒரு கசப்பான உண்மை. மனைவிக்கு 18 வயது நிறைந்திருந்தால், கணவன் கட்டாயப்படுத்துவதை நம் குற்றவியல் சட்டம் இன்றும் வல்லுறவு என்று சொல்வதில்லை. 'அப்ப ஒண்ணும் செய்ய முடியாது' என்று என் எதிரே உட்கார்ந்து அழுத பெண்கள் உண்டு. செய்ய முடியும். 2005-ம் வருடத்துக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தில், பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தை என்று தனியாகவே ஒன்று இருக்கிறது. அதன்கீழ் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம், அந்த வீட்டிலேயே இருக்கும் உரிமையையும் கேட்கலாம். உடனே தாலியைக் கழற்றவோ, யாரையும் ஜெயிலுக்கு அனுப்பவோ வேண்டியதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு, சம்பளம் எவ்வளவு என்று பார்க்காமல், இலவசமாக வக்கீல் கிடைப்பார். 181 என்ற எண் எந்த நேரமும் எடுக்கும். உங்கள் கைபேசியைச் சோதிக்கிறார் என்பதால் ஸ்கூல் போனிலிருந்தோ அக்கா போனிலிருந்தோ கூப்பிடுங்கள்.

இதெல்லாம் கையிருப்பு. முதல் படி பேச்சு. உங்களுக்கு அவர்மேல் அந்தப் பயம் இல்லையென்றால் மட்டும் பேசுங்கள். கை ஓங்குவார் என்று உள்மனது சொன்னால் பேச்சை விட்டுவிட்டு அக்காவிடம் போங்கள். பேசுவதென்றால் படுக்கையில் வேண்டாம், ராத்திரியே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் வெளியே விளையாடும் நேரம் போதும். புத்தகத்திலிருந்து ஆரம்பிக்காதீர்கள், அது உங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடும். 'அன்னைக்கு நான் வேணாம்னு சொன்னப்ப நீங்க விட்டிருக்கணும். எனக்குப் பிடிக்கல, பயந்துட்டேன். இனிமே நான் வேணாம்னா வேணாம்தான்' என்ற அளவில் நிறுத்துங்கள். அழுகை வந்தால் வரட்டும், மன்னிப்பு மட்டும் கேட்காதீர்கள். கேட்க நீங்கள் எதுவும் செய்யவில்லை.

பிறகு அவரைக் கவனியுங்கள். முகம் சுருங்கி, பேச்சில்லாமல் கடைக்குப் போய்விட்டு, நாலு நாள் கழித்துத் தானாகக் கைபேசியைத் தொடாமல் இருந்தால், அவருக்கு உறைத்திருக்கிறது. அப்போது இரண்டு பேரும் ஒரு ஆலோசகரிடம் வரலாம். வேண்டியது, வேண்டாதது, விளையாட்டு எல்லாவற்றையும் அங்கே கூச்சமில்லாமல் பேசலாம். 'பெரிய இவ' என்று நக்கலடித்தால் கொஞ்சம் காலம் பிடிக்கும். இன்னொரு தரம் நீங்கள் மறுத்தும் நடந்தால், அல்லது கழுத்தில் கை வைத்தால், காத்திருக்க வேண்டாம். கழுத்தை அழுத்துவதில் 'மெதுவாக' என்று ஒன்று கிடையாது, சில நொடியில் நினைவு தப்பும். அன்றே வெளியேறி ஆஸ்பத்திரிக்குப் போங்கள், நடந்ததை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். அன்று கட்டிய மணிக்கட்டில் இன்னும் மரமரப்போ விரலில் உணர்ச்சிக் குறைவோ இருந்தால் அதையும் காட்டிவிடுங்கள்.

அத்தையிடம் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படுக்கையறை விவகாரம் மாமியாரிடம் போனால் சாயங்காலத்துக்குள் தெருவுக்குப் போகும், பேச்சு கடைசியில் புத்தகத்தில்தான் வந்து நிற்கும். உங்கள் அக்காவைப் பற்றிப் பாசமாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஒருவருக்குத் தெரிந்தால் போதும்.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். அவள் அவனைத் திருத்திவிடுவாளா? மூன்று பாகமும் படித்தால், ஆமாம். கல்யாணம், குழந்தைகள், தோட்டத்தோடு வீடு என்று எல்லாம் சுபம். அதற்கு எழுத்தாளருக்கு ஆயிரத்து ஐந்நூறு பக்கத்துக்கு மேல் தேவைப்பட்டது, கதாநாயகனோ அவர் சொன்ன பேச்சைக் கேட்கும் காகித மனிதன். ஆனால் நீங்கள் கைபேசி பறிபோனதால் படிக்காமல் விட்டது முதல் பாகத்தின் முடிவை. கதையை உடைப்பதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். அங்கே அவன் அவளைப் பெல்ட்டால் ஆறு அடி அடிக்கிறான். அவள் எண்ணிக்கொண்டே வருகிறாள். முடிந்ததும் எழுந்து, அவன் வாங்கிக்கொடுத்த கம்ப்யூட்டரையும் கார்ச் சாவியையும் வைத்துவிட்டு, வெளியே போய்விடுகிறாள்.